ஜன்னலுக்குப் பின்னே ஓர் ஆள் வேண்டும்

பெங்களூரைக் கம்ப்யூட்டர் நகரம் என்று புகழாத மந்திரி இல்லை. எழுதாத பத்திரிகை இல்லை. அந்தப் புகழில் உழைக்கும் தமிழனுக்குப் பங்கு உண்டா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. உண்டு என்கிறோம் நாம். பங்கு உண்டு, பலன் எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதுதான் வேறு கணக்கு. அந்தக் கணக்கை இந்த மாதம் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம், தோழர்களே.

1902-ஆம் ஆண்டு சிவசமுத்திரத்தில் காவிரித் தண்ணீரிலிருந்து எடுத்த மின்சாரம் முதலில் போய்ச் சேர்ந்த இடம் கோலார் தங்கவயல். அங்கே சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்கப் போன நம் முன்னோர். ஊரில் சேரிக்கு ஒதுக்கப்பட்ட மக்கள். பெங்களூர்த் தெருவுக்கு மின்விளக்கு வந்தது அதற்குப் பிறகு, 1905-இல். 1948-இல் கிருஷ்ணராஜபுரம் பக்கம் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை எழுந்தது. நாம் ஐ.டி.ஐ. என்று சொல்லுவது அதைத்தான். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்துறை நிறுவனம் அது. அதன் குடியிருப்புக்குத் தூரவாணி நகர் என்று பெயர். தூரவாணி என்றால் கன்னடத்தில் தொலைபேசி. நாடெங்கும் ஆபீஸ் மேசைகளில் உட்கார்ந்திருந்த அந்தக் கறுப்பு டெலிபோனைத் திருகி முடுக்கி அனுப்பிய கைகளில் தமிழ்க் கைகள் எத்தனை என்று தூரவாணி நகர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். 1980 டிசம்பர் கடைசியில் தொடங்கி 77 நாள் இந்த நகரத்தின் பொதுத்துறை ஆலைகள் நின்றனவே, அந்த வேலைநிறுத்தத்தில் கன்னடத் தொழிலாளியும் தமிழ்த் தொழிலாளியும் ஒரே அடுப்பில் கஞ்சி காய்ச்சினார்கள். அதை மறந்துவிட்டு இன்று நம்மை 'வந்தேறிகள்' என்பவர்களுக்கு நாம் பதில் சொல்லப் போவதில்லை.

1981-இல் ஆப்பிள் என்ற செய்தித் தொடர்புச் செயற்கைக்கோளை மாட்டுவண்டியில் வைத்துச் சோதனைக்கு இழுத்துப் போன படம் எல்லோரும் பார்த்ததுதான். செயற்கைக்கோளின் பெயர் உலகத்துக்குத் தெரியும். வண்டிக்காரரின் பெயரை யாரும் சொல்லி நாம் கேட்டதில்லை.

இதற்கிடையில் மாநில அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 1978-இல் ஓசூர் ரோட்டில் கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் கிராமங்களில் 332 ஏக்கரில் மின்னணு நகரத்துக்குக் கால்கோள் இட்டது. 1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி இங்கே கடை விரித்து, செயற்கைக்கோள் வழியாகவே வேலையை ஊருக்கு அனுப்பிக் காட்டியது. பிறகு நடந்ததை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஓசூர் ரோடும் ஒயிட்ஃபீல்டும் கண்ணாடிக் கட்டிடங்களாயின. பழைய டெலிபோன் ஆலைக்கு ஆர்டர் வற்றியது. 2001 பிப்ரவரி 28-இல் தங்கவயல் சுரங்கமும் மூடப்பட்டது. சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைகள் அதிகாலையில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, பங்காருப்பேட்டை, கிருஷ்ணராஜபுரம் வழியாக வந்து, அந்தக் கண்ணாடிக் கட்டிடங்களின் வாசலில் செக்யூரிட்டியாக நிற்கிறார்கள். உள்ளே தரை துடைக்கிறார்கள். இரவு அதே ரயிலில் திரும்புகிறார்கள். ஒரு நாளில் நாலைந்து மணி நேரம் ரயிலிலேயே போகிறது. அந்த நேரத்துக்கு யாரும் சம்பளம் தருவதில்லை.

போக்குவரத்துக் கணக்கையும் பார்த்துவிடுவோம். மின்னணு நகரம் பிறந்தது 1978. கார்களுக்காக சுங்கம் வசூலிக்கும் மேம்பாலம் 2010-இல் வந்துவிட்டது. பொம்மசந்திரா வரை மெட்ரோ ரயில் வந்தது 2025 ஆகஸ்ட் 10. நாற்பத்தேழு வருஷம்! அதுவும் எப்படி? அதே வருஷம் பிப்ரவரியில்தான் மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணத்தை 60 ரூபாயிலிருந்து 90 ரூபாயாக ஏற்றி வைத்தார்கள். உழைப்பாளிக்கு உண்மையில் உதவக்கூடிய புறநகர் ரயிலோ 1980-களிலிருந்து பேச்சில் இருக்கிறது. அடிக்கல் 2022 ஜூனில் நாட்டப்பட்டது. மூன்று வருஷம் கழிந்த பின்னும் அதில் நாம் பயணம் செய்யவில்லை.

நிலத்தின் கதை இன்னும் கசப்பானது. கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்து கோரமங்கலத்தில் அடிநிலம் பொன்னாக மாறியபோது, பக்கத்திலேயே எஜிபுராவில் நம் ஜனங்களும் முஸ்லிம் சகோதரர்களும் இருந்த ஏழைகள் குடியிருப்பு கண்ணை உறுத்தியது. மாநகராட்சி கட்டிக்கொடுத்த கட்டிடங்கள் தரமில்லாமல் இடிந்தன. அந்த இடத்திலேயே தகரக் கொட்டகை போட்டு வாழ்ந்த சுமார் 1,500 குடும்பங்களை 2013 ஜனவரியில், பொங்கல் முடிந்த கையோடு, புல்டோசர் வைத்து அகற்றினார்கள். நிலத்தில் பாதி ஏழைக்கு வீடு, பாதி வணிக வளாகம் என்பது ஒப்பந்தம். பலர் சர்ஜாபூர் ரோட்டுக்கு அப்பால் சூலிகுண்டேவுக்குத் தள்ளப்பட்டார்கள். வீட்டு வேலைக்குப் போன பெண்களுக்கு வேலை இருந்தது கோரமங்கலத்தில், படுக்கை சூலிகுண்டேவில். இதை நகர வளர்ச்சி என்று எழுதுகிறார்கள்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த மாற்றங்கள். கண்ணுக்குத் தெரியாமல் நடந்த மாற்றம் ஒன்று உண்டு. இந்தத் தலையங்கம் அதைப் பற்றியதுதான். இந்த நகரம் நம்மோடு பேசும் முறை மாறிவிட்டது. முன்பு ஒரு ஜன்னல் இருந்தது. அதற்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தான். கோபக்காரனோ, லஞ்சம் வாங்குகிறவனோ, கன்னடம் தவிர வேறு தெரியாதவனோ, எவனானாலும் ஓர் ஆள். அவனிடம் கெஞ்சலாம், சண்டை போடலாம், சங்கத்தைக் கூட்டிக்கொண்டு போய் முற்றுகை இடலாம். இப்போது ஜன்னல் போனுக்குள் போய்விட்டது. போனை முற்றுகை இட முடியுமா?

நாம் கம்ப்யூட்டருக்கு எதிரிகள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 1960-களில் கல்கத்தாவில் எல்.ஐ.சி. ஊழியர்கள் கம்ப்யூட்டரை எதிர்த்துப் போராடிய காலத்தில் அவர்களுடைய அச்சத்தில் நியாயம் இருந்தது. ஆனால் ரயில்வே ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து வேலை பார்க்கிற நம்மவர்களுக்கு ரிஜிஸ்டர் காலமும் தெரியும். பெங்களூரில் டிக்கெட் எடுத்து, திரும்பி வரும் இடத்துக்காகச் சென்னைக்குத் தந்தி அடித்து, பதில் தந்தி வருமா வராதா என்று காத்துக் கிடந்த காலம் அது. புரோக்கருக்கு அது பொற்காலம். 1980-களின் நடுவில் டெல்லியில் தொடங்கிய கம்ப்யூட்டர் முன்பதிவு இங்கேயும் வந்தபோது, எந்தக் கவுண்டரிலும் எந்த ஊருக்கும் டிக்கெட் என்ற நிலை பிறந்தது. கூலித் தொழிலாளி அதில் லாபம் அடைந்தான். ஏன்? கம்ப்யூட்டரும் இருந்தது, ஆளும் இருந்தான். 'ஜோலார்பேட்டை போவணும் சார், ரெண்டு பெருசு ஒரு சிறுசு' என்றால் போதும். மற்றதைக் கிளார்க் தட்டிக்கொள்வான்.

எஸ்.டி.டி. பூத்தை நினைத்துப் பாருங்கள். மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கதவு, சிவப்பு எண் ஓடும் மீட்டர். இரவில் கட்டணம் குறையும் நேரத்துக்காக ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் எத்தனை பேர் வரிசையில் நின்றோம்! எழுதப் படிக்கத் தெரியாத சித்தாள் ஒரு துண்டுச் சீட்டை நீட்டுவாள். பூத்காரர் நம்பரைச் சுற்றிக் கொடுப்பார். திருவண்ணாமலைப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்து மளிகைக் கடையில் மணி அடிக்கும். கடைக்காரர் ஆள் அனுப்பி அவளுடைய அம்மாவைக் கூப்பிடுவார். நடுவில் இரண்டு மனிதர்கள் இருந்தார்கள். அதனால் அந்தப் பெண்ணுக்குப் படிப்பு இல்லாதது ஒரு தடையாக இல்லை.

இன்று நிலை என்ன? 2025 ஜூலை 1 முதல் இணையத்தில் தட்கல் டிக்கெட் எடுக்க ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். அந்த வருஷக் கடைசியில் கவுண்டரிலும், போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைச் சொன்னால்தான் தட்கல் என்ற முறை கட்டம் கட்டமாக வந்தது. புரோக்கரை ஒழிக்க என்கிறார்கள். நோக்கத்தைக் குறை சொல்லவில்லை. ஊரில் சாவு என்று ஓடி வருகிறவனிடம் போன் இல்லாவிட்டால்? போன் மேஸ்திரியிடமோ வேலை செய்யும் வீட்டு மகனிடமோ மாட்டிக்கொண்டிருந்தால்? விதி எழுதுகிறவர்களின் கண்ணில் ஒரு வீட்டுக்கு ஒரே போன் உள்ள குடும்பம் படுவதே இல்லை.

ஜன்னல் போனுக்குள் போனால் என்ன ஆகும் என்பதை 2020-இல் நாம் கண்ணால் கண்டோம். மார்ச் 25-இல் ஊரடங்கு. வேலை நின்றது, கூலி நின்றது. மே மாதத் தொடக்கத்தில் தொழிலாளர் சிறப்பு ரயில்கள் விட்டார்கள். இடம் வேண்டுமானால் 'சேவா சிந்து' என்ற அரசு இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பட்டன் போன் வைத்திருந்த கொத்தனார் எங்கே போவார்? போலீஸ் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றார்கள். தமிழ்நாட்டுக்குத் திரும்ப வேண்டுமென்றால் அதற்கும் இணையத்தில் இ-பாஸ். அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஓசூர். நடந்தே போய்விடும் தூரம். ஆனால் போனில் பச்சை அனுமதி இல்லாமல் தாண்ட முடியாது என்றார்கள்.

அதோடு முடிந்ததா? மே 5-ஆம் தேதி முதலமைச்சர் எடியூரப்பா கட்டிட முதலாளிகளின் பிரதிநிதிகளைச் சந்தித்தார். அன்றே, மறுநாள் முதல் ரயில்கள் வேண்டாம் என்று தென்மேற்கு ரயில்வேக்கு மாநில அரசின் கடிதம் போனது. தொழிலாளி ஊருக்குப் போய்விட்டால் கட்டிட வேலைக்கு ஆள் கிடைக்காதே! பீகார், ஒடிசா, உத்தரப்பிரதேசத் தொழிலாளர்கள் பதிவு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பலர் நடக்கத் தொடங்கினார்கள். நாடெங்கும் கண்டனம் எழுந்த பிறகுதான், இரண்டு நாளில், மறுபடி ரயில் என்று அறிவித்தார்கள். அந்த இரண்டு நாளை நாம் மறக்கக்கூடாது. அவர்கள் பேசிய மொழி இந்தி, ஒடியா, நம்முடையது தமிழ். முதலாளிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அவன் எண்ணியது தலைகளை மட்டும்.

போனில் ஓடுகிற செய்தி ஒரு நகரத்தையே எப்படிக் கலக்கும் என்பதும் நமக்குப் புதிதல்ல. 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையில் நம் குடிசைகள் எரிந்தபோது வதந்தி வாய்வழியாகப் பரவியது. 2016 செப்டம்பரில் அதே காவிரிக்காகத் தமிழ்நாட்டு பஸ்கள் எரிந்தபோது செல்போன் வீடியோவாகப் பரவியது. இரண்டுக்கும் நடுவில், 2012 ஆகஸ்டில், வடகிழக்கு மாநிலத்துப் பிள்ளைகள் குறுஞ்செய்தியில் வந்த மிரட்டலைக் கண்டு ஆயிரம் ஆயிரமாக சிட்டி ஸ்டேஷனுக்கு வந்து குவிந்தார்கள். ஓட்டலில் பரிமாறியவர்கள், பியூட்டி பார்லரில் வேலை பார்த்தவர்கள், செக்யூரிட்டிகள். கவுகாத்திக்குச் சிறப்பு ரயில்கள் விட வேண்டியதாயிற்று. மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்புவதை மத்திய அரசு சில நாட்கள் தடை செய்தது. பயம் போனில் வந்தது. 'போகாதீர்கள், நாங்கள் இருக்கிறோம்' என்று சொல்ல மாநில மந்திரிகள் ஸ்டேஷன் பிளாட்பாரத்துக்கு நேரில் வர வேண்டியிருந்தது. பிழைக்க வந்த ஜனங்களுக்கு இது நன்றாகவே புரியும்.

கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பட்டியலில் நம் பெயர் எங்கே இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. 2023 ஜூன் 11 முதல் கர்நாடகத்தில் பெண்களுக்குப் பஸ்ஸில் இலவசம். நல்ல திட்டம். ஆனால் கர்நாடக முகவரியுள்ள அடையாள அட்டை காட்ட வேண்டும். இருபது வருஷமாக இந்த நகரத்தைப் பெருக்குகிற பெண்ணின் ஆதாரில் கிருஷ்ணகிரி மாவட்ட முகவரி இருந்தால் அவள் டிக்கெட் வாங்கித்தான் ஆக வேண்டும். தமிழ்நாட்டில் 2021-இல் வந்த திட்டத்தில் சாதாரண டவுன் பஸ்ஸில் ஏறும் பெண்ணிடம் எந்த அட்டையும் கேட்பதில்லை. எந்த ஊர், எந்த மொழி என்பதும் கிடையாது. கம்ப்யூட்டர் இல்லாமலே அது நடக்கிறது!

மறுபக்கத்தையும் சொல்வோம். 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் கர்நாடகமும் தமிழ்நாடும் 2020-லேயே சேர்ந்துவிட்டன. தமிழ்நாட்டில் முன்னுரிமைக் குடும்ப அட்டையோ அந்த்யோதயா அட்டையோ உள்ளவர்கள் பெங்களூர் ரேஷன் கடையிலேயே விரல் ரேகை வைத்து மத்திய அரசின் ஒதுக்கீட்டு அரிசியை வாங்கலாம். இதற்கு யார் சிபாரிசும் வேண்டாம். நம்மில் எத்தனை குடும்பத்துக்கு இது தெரியும்? கம்பி நமக்காகவும் இழுக்கப்பட்டிருக்கிறது; சொல்லுவாரில்லை, அவ்வளவுதான்.

நம் பிள்ளைகளின் கதைக்கு வருவோம். அப்பன் ஆலையில் பஞ்ச் கார்டு அடித்தான். மகன் போனில் 'லாக் இன்' ஆகிறான். சோறு சுமக்கிறான், மளிகை சுமக்கிறான், ஆட்டோ ஓட்டுகிறான். அப்பனுக்கு ஒரு சூப்பர்வைசர் இருந்தான். மகனுக்கு ஆளே இல்லை. ஒரு நாள் காலையில் 'ஐ.டி. பிளாக்' என்று திரையில் வரும். காரணம் கேட்க ஆள் கிடையாது. சட்டம் சும்மா வரவில்லை. டெலிவரித் தொழிலாளர்களும் ஓட்டுநர்களும் சங்கம் சேர்த்துக் கேட்டதால் வந்தது. கர்நாடக அரசு 2025-இல் கொண்டுவந்த கிக் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கம்பெனி ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 1 முதல் 5 சதவீதம் வரை நல நிதிக்குக் கட்ட வேண்டும். வேலையிலிருந்து நீக்கும் முன் 14 நாள் நோட்டீசும் எழுத்தில் காரணமும் தர வேண்டும். மொழியோ சொந்த ஊரோ இந்தச் சட்டத்துக்குத் தடை அல்ல. ஆனால் கம்பெனி கொடுக்கும் பட்டியலில் உன் பெயர் ஏறியிருக்கிறதா, தம்பி? இல்லையென்றால் சட்டம் காகிதத்தில் இருக்கும், நீ ரோட்டில் இருப்பாய்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். போனில் எந்தச் சேவையைத் தந்தாலும் அதே சேவைக்கு ஆள் உட்கார்ந்த ஜன்னல் ஒன்றும் திறந்திருக்க வேண்டும். இது ஒன்றும் ஆகாத காரியம் அல்ல. 2005-இல் இதே நகரத்தில் 'பெங்களூர் ஒன்' மையங்கள் திறந்தார்கள். உள்ளே கம்ப்யூட்டர், முன்னே ஆள். கரண்ட் பில், தண்ணீர் பில் ஒரே இடத்தில். ஜனங்கள் வரிசையில் நின்று பயன்படுத்தினார்கள். அப்படிப்பட்ட மையங்கள் நம் ஜனங்கள் குடியிருக்கும் பகுதிகளில் வேண்டும். வேலை முடிந்து வருகிறவனுக்காக இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்க வேண்டும். கன்னடத்தோடு தமிழ், உருது, தெலுங்கு, இந்தி தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். ரயில்வேயிலும் கவுண்டர்களைக் குறைக்காதே, காலியிடங்களை நிரப்பு என்று நம் தொழிற்சங்கங்கள் கேட்கின்றன. அது கிளார்க்குகளின் வயிற்றுப்பாட்டுக் கோரிக்கை மட்டும்தான் என்று பயணிகள் நினைத்தால் நஷ்டம் பயணிகளுக்கே. கன்னட உழைப்பாளிகளுக்கும் இதே தொல்லைதான். துமகூரிலிருந்து வந்த கூலிக்காரனும் ராய்ச்சூரிலிருந்து வந்த சித்தாளும் ஓ.டி.பி. வராமல் நம் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். இந்தக் கோரிக்கையைக் கன்னடத்தில் அச்சடித்து அவர்களோடு சேர்ந்து கொடுப்போம்.

அரசு ஜன்னலைத் திறக்கும் வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து முதல் ஒரு மணி வரை நமது சங்க அலுவலகத்தில் இரண்டு மேசை போடுகிறோம். ஒன்று ரேஷன், ஆதார் வேலைகளுக்கு. மற்றது டெலிவரி, ஆட்டோ தொழிலாளர்களுக்கு. தமிழ்நாட்டு ரேஷன் அட்டை, ஆதார் அட்டை, போன் மூன்றையும் எடுத்து வாருங்கள். பள்ளியில் படிக்கும் பெண் பிள்ளைகள் இருந்தால் அழைத்து வாருங்கள். அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தால் தெருவுக்கே பயன். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறோம்: போனுக்கு வரும் எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள், மேசையில் இருக்கும் நம் தோழர்களுக்கும்கூட. அவர்கள் பக்கத்தில் நின்று வழி சொல்லுவார்கள். பொத்தானை நீங்களே அழுத்துங்கள்.